மலை மாளிகை யாருக்கு?

விருதுநகர் மாவட்டத்துக் கூமாப்பட்டி 2025-ல் கைப்பேசிப் படங்களினால் நாடெங்கும் பெயர் பெற்று, பிளவக்கல் அணையைப் பார்க்க ஜனங்கள் திரண்டு வந்தது வாசகர்கள் அறிந்ததே. பெரிய குடும்பஸ்தர்கள் சுற்றத்தாரோடு வந்து தங்கி விருந்தாட மலையடியில் மாளிகைகள் எழும்பினால் ஊர் முன்னேறிவிடும் என்பாரும் உண்டு. முன்னேறப்போவது யார் என்று கேட்கின்றோம்.

மலை மாளிகை நம் நாட்டுக்குப் புதிதல்ல. பக்கிங்ஹாம் பிரபு 1875 முதல் 1880 வரை சென்னை கவர்னராயிருந்த காலத்தில்தான் உதகையில் கவர்னர் மாளிகை எழுந்தது. அந்தக் காலம் எப்படிப்பட்ட காலம்? 1876-78 தாது வருஷப் பஞ்சம்! கீழ்நாட்டில் நிவாரண வேலைக்கு வந்த ஆண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதுமென்று 1877-ல் சர்க்கார் கணக்குப் போட்டது. மேலே குளிர்காய்தலும் விருந்தும். பின்னால் நடன மண்டபமும் சேர்ந்தது. பஞ்சத்தைத் தலைவிதி என்றார்கள். மாளிகையை மட்டும் விதி கட்டவில்லை, வரிப்பணம் கட்டிற்று!

நிற்க. பிளவக்கல் தண்ணீர் வத்திராயிருப்பு வட்டார வயல்களுக்குரியது. மாளிகைக்காரரின் நீச்சல் குளத்துக்கு எதைத் திருப்புவது? மேலேயுள்ள காடு 2021 முதல் புலிகள் காப்பகம். விறகு பொறுக்கும் கிழவிக்குக் காட்டும் சட்டத்தைக் கார்க்காரருக்கும் காட்டுவார்களா? நம் பிள்ளைகளுக்கு அங்கே எச்சில் இலை எடுக்கும் வேலைதானா, கணக்கெழுதும் வேலையும் உண்டா? கூலி எவ்வளவு?

தோழர்களே! அஸ்திவாரம் தோண்டுமுன் இவற்றைக் கிராம சபையில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.