துணைக்கு வந்தவரையும் பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்ட இரண்டாவது வாரத்திலேயே தமிழ்நாட்டில் கிளினிக் வாசல்கள் நிரம்பிவிடும். எந்த வீட்டை விசாரித்தாலும் ஒருவருக்காவது காய்ச்சல், இருமல், உடம்புவலி. 'மர்மக் காய்ச்சல்' என்று தலைப்புச் செய்திகள் வரும். பெரும்பாலும் அதில் மர்மம் ஒன்றுமில்லை. ஆண்டுதோறும் இதே மாதங்களில் வந்துபோகும் இன்ஃப்ளூயன்சாவும் அதன் உறவுக்கார வைரஸ்களும்தான், கூடவே டெங்குவும். நாட்டின் பல நகரங்களில் ஃப்ளூ காய்ச்சல் தென்மேற்குப் பருவமழையோடு உச்சம் தொடும்போது, சென்னையிலும் வேலூரிலும் அது அக்டோபர், நவம்பரில்தான் உச்சத்துக்கு வருகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அரசும் சும்மா இருப்பதில்லை. எச்3என்2 வகை ஃப்ளூ பரவிய 2023 மார்ச் 10 அன்று ஒரே நாளில் மாநிலம் முழுவதும் 1,000 இடங்களில் காய்ச்சல் முகாம் நடத்தப்பட்டது. அந்த ஆண்டு மழைக்காலத்திலும் வாராவாரம் முகாம்கள் நடந்தன. பள்ளிக்கூட வராண்டாவிலோ ரேஷன் கடை வாசலிலோ மேசை போட்டு, காய்ச்சல் பார்த்து, மாத்திரை கொடுத்து, தேவைப்பட்டவருக்கு ரத்தமும் எடுத்து அனுப்பும் இந்த ஏற்பாடு எளிய மக்களுக்குப் பெரிய உதவி. அதில் குறை காண்பது என் நோக்கமல்ல. ஆனால் அந்த மேசை காய்ச்சலை மட்டுமே பார்க்கிறது. காய்ச்சல் வந்தால் பிழைப்பது கடினம் என்ற நிலையில் இருப்பவர் யார் என்பதையும் அங்கேயே கண்டுபிடித்தாக வேண்டும் என்பதுதான் என் வாதம்.

ஃப்ளூ காய்ச்சலால் சாவு வருவது பெரும்பாலும் யாருக்கு என்று பார்த்தால் இது புரியும். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி பருவகால இன்ஃப்ளூயன்சா தொடர்பான சுவாசக் கோளாறுகளால் ஆண்டுதோறும் 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை இறக்கிறார்கள். முதியவர்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், ஏற்கெனவே சர்க்கரையோ இதயநோயோ ஆஸ்துமாவோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் ஆகியோரைத்தான் இந்த நோய் கடுமையாகத் தாக்கும். சுவாசக் கோளாறு என்ற கணக்கில் வராத சாவுகளும் உண்டு. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு, ஃப்ளூ என்று உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்புக்கான வாய்ப்பு சாதாரண நாட்களைவிட ஆறு மடங்கு என்று கண்டது. இப்படி இறந்தவரைப் பற்றி ஊரில் கேட்டால், 'நல்லாத்தான் இருந்தார், ரெண்டு நாள் காய்ச்சல், திடீர்னு ஹார்ட் அட்டாக்' என்பார்கள். அவர் நன்றாக இருந்தாரா என்பதுதான் கேள்வி. தமிழ்நாட்டில் தொற்றா நோய்கள் பற்றி 2020-இல் நடந்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது; அவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதம் பேருக்கு மட்டும். சர்க்கரை 17.6 சதவீதம் பேருக்கு. கட்டுக்குள் இருந்தது அவர்களில் 10.8 சதவீதத்தினருக்கே. அதாவது மழைக்காலத்துக்குள் நுழையும்போதே மூன்றில் ஒருவர் பிரஷரோடு நுழைகிறார், அவர்களிலும் பெரும்பாலானவர்கள் அதைக் கட்டுக்குள் வைக்காமலே நுழைகிறார்கள். காய்ச்சலைத் தொற்றுநோய் என்று ஒரு பிரிவும், சர்க்கரையையும் கொதிப்பையும் தொற்றா நோய் என்று வேறொரு பிரிவும் கவனித்துக்கொள்ளலாம். ஆனால் நோய் வரும்போது இரண்டும் ஒரே உடம்பில்தான் வந்து சேர்கின்றன.

முகாமுக்கு வரும் குடும்பத்தைக் கவனியுங்கள். காய்ச்சல்காரக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருபவர் பல வீடுகளில் பாட்டி. வயதான அப்பாவைப் பைக்கில் உட்காரவைத்து அழைத்து வருபவர் நாற்பதைத் தாண்டிய மகன். லோடு ஏற்றும் வேலையோ ஆட்டோ ஓட்டுவதோ பிழைப்பு. அரை நாள் கூலியை விட்டுவிட்டுத் தனக்காக அவர் ஆரம்ப சுகாதார நிலையம் போகப்போவதில்லை. பிறருக்காக வந்து நிற்கும் அந்த அரை மணி நேரம்தான் சுகாதாரத் துறைக்கு அவர் கிடைக்கிற நேரம். துணைக்கு வந்த அவர் கையில் பட்டையைக் கட்டி பிரஷர் பார்க்கவும், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து சுகர் பார்க்கவும் ஐந்து நிமிடம் போதும். சில முகாம்களில் இதைச் செய்யவே செய்கிறார்கள். ஆனால் அது அந்தந்த மருத்துவரின் அக்கறையைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. முகாமின் விதியாகவே ஆக வேண்டும். 'காய்ச்சல் நேரத்தில் சுகர் பார்த்தால் கூடுதலாகத்தானே காட்டும்?' என்று மருத்துவம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தொற்று இருக்கும்போது உடம்பின் நெருக்கடியால் ரத்தச் சர்க்கரை ஏறும். அதை வைத்து ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று முத்திரை குத்துவது தவறு. அதனால்தான் நோயாளியைவிடத் துணைக்கு வந்தவரைப் பாருங்கள் என்கிறேன். காய்ச்சல்காரருக்கு அளவு கூடுதலாக இருந்தால் எழுதிவைத்துக்கொண்டு, குணமாகி இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம். இருமுகிறவர்களின் வரிசையிலேயே முதியவர்களையும் நிறுத்தினால் நோயைக் கையில் கொடுத்து அனுப்பியதாகிவிடும் என்ற அச்சமும் சரியானதே. அதற்குத் தேவை தள்ளிப் போட்ட இன்னொரு மேசை, திறந்த வெளி, இருமுகிறவர் முகத்தில் ஒரு முகக்கவசம்.

இதைவிட அடிப்படையான மறுப்பு ஒன்று உண்டு. ஊரையே கூட்டிப் பரிசோதனை செய்வதால் உயிர்கள் காக்கப்படுகின்றனவா? 2019-இல் வெளியான காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு, இரண்டரை லட்சம் பேர் பங்கேற்ற 17 சோதனைகளை அலசிவிட்டு, பொதுவான உடல் பரிசோதனைகளால் இறப்பு விகிதத்தில் ஏறத்தாழ மாற்றமே இல்லை என்றது. இதைக் கண்டுகொள்ளாமல் முகாம்களைப் புகழ்ந்துகொண்டிருப்பது நேர்மையாகாது. ஆனால் அந்தச் சோதனைகள் பெரும்பாலும் வசதி படைத்த நாடுகளில் நடந்தவை. அங்கே பரிசோதனைக்கு அழைக்கப்படாதவரும் வேறு காரணத்துக்காகக் குடும்ப மருத்துவரிடம் போய்க்கொண்டிருப்பார். அவருடைய பிரஷரும் எப்படியோ பதிவாகிவிடும். 2020 கணக்கெடுப்பில் நூறு கொதிப்புக்காரர்களில் ஏழு பேருக்கே அது கட்டுக்குள் இருந்த ஊரின் கதை வேறு. அதோடு, தலை முதல் கால் வரை எல்லாவற்றையும் சோதிக்கும் 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்' வகையறாவை நான் கேட்கவில்லை. அவற்றில் தேவையில்லாத சோதனைகளும் அவற்றால் வரும் வீண் பயமும் நிறைய. நான் கேட்பது இரண்டே அளவுகள். இரண்டுக்கும் விலை மலிவான, நன்றாகச் சோதிக்கப்பட்ட மாத்திரைகள் அரசு மருத்துவமனையிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. அந்த ஆய்வுத் தொகுப்பில் நமக்கு ஒரு பாடமும் இருக்கிறது: அளந்து சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டால் பலன் கிடையாது. பிரஷர் 170 என்று எழுதிய சீட்டு பீரோவில் கிடந்தால் அது யாரையும் காப்பாற்றாது. அளந்தவரை மாத்திரையோடு, மாதாமாதம் அந்த மாத்திரையைத் தரும் கையோடு இணைக்க வேண்டும். அந்தக் கை தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வழியாகச் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுக்கிறது. முகாமில் புதிதாகக் கண்டறியப்படும் ஒவ்வொரு பெயரும் அன்று மாலையே அந்தப் பகுதித் தன்னார்வலரின் பதிவேட்டுக்குப் போய்ச் சேர வேண்டும்.

மழைக்கால அறிவுரைகளிலும் இதே குறை இருக்கிறது. கை கழுவுங்கள், காய்ச்சிய நீரைக் குடியுங்கள், கூட்டத்தில் முகக்கவசம் அணியுங்கள் என்று எல்லோருக்கும் ஒரே குரலில் சொல்கிறோம். தவறில்லை, ஆனால் இருபது வயதுக் கல்லூரி மாணவருக்கும் அறுபத்தைந்து வயது சர்க்கரை நோயாளிக்கும் ஒரே அறிவுரை எப்படிப் பொருந்தும்? மாணவரிடம் சொல்ல வேண்டியது எளிது: காய்ச்சல் மூன்று நாளில் விடும், இருமல் மூன்று வாரம்கூட இழுக்கும், அதற்காக மெடிக்கல் ஷாப்பில் 'செட் மாத்திரை' வாங்கி விழுங்காதே, அதில் இருக்கக்கூடிய ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. இந்திய மருத்துவச் சங்கமே 2023 மார்ச்சில் இதை வலியுறுத்திப் பொது அறிக்கை வெளியிட நேர்ந்தது. ஊசி போட்டால்தான் கேட்கும் என்ற பழைய நம்பிக்கை அவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது. முதியவரிடம் சொல்ல வேண்டியது இதற்கு நேர் எதிர்: காத்திருக்காதீர்கள். மத்திய அரசின் எச்1என்1 வழிகாட்டுதல், லேசான காய்ச்சல்காரருக்குச் சோதனையோ வைரஸ் மருந்தோ வேண்டாம் என்கிறது. ஆனால் முதியவர், கர்ப்பிணி, இதயம், நுரையீரல், சிறுநீரகம், சர்க்கரை நோயுள்ளவர் என்றால் சோதனை முடிவுக்காகக் காத்திராமல் ஒசெல்டாமிவிர் என்ற வைரஸ் மருந்தைத் தரச் சொல்கிறது. அந்த மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். 'ரெண்டு நாள் பார்ப்போம்' என்று அவர் வீட்டில் கசாயம் குடித்துக்கொண்டிருக்கும் நேரம்தான் அந்த 48 மணி நேரம். சாப்பாடு இறங்கவில்லை என்று இன்சுலினைத் தாமாகவே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அது உயிருக்கே ஆபத்து என்பதை முகாமில் யாராவது உட்காரவைத்துச் சொன்னால் ஒழிய அவர்களுக்கு எப்படித் தெரியும்? மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, குழப்பமான பேச்சு, சிறுநீர் குறைவது ஆகியவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும் என்பதைத் துணைக்கு வந்தவரிடம்தான் சொல்ல வேண்டும். ஆபத்து வரும் நேரத்தில் நோயாளியால் போன் செய்ய முடியாது. டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்தான கட்டமே தொடங்குகிறது என்பதையும் அவரே கேட்டுக்கொண்டு போக வேண்டும். 'காய்ச்சல் விட்டுடுச்சு' என்ற நிம்மதியில் பறிபோன குழந்தைகள் இந்த மண்ணில் உண்டு.

இனித் தடுப்பூசி. தேசியத் தடுப்பூசி அட்டவணையில் ஃப்ளூ ஊசி இல்லை. தனியார் கிளினிக்கில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்துப் போட்டுக்கொள்ள முடிந்தவர்கள் போட்டுக்கொள்கிறார்கள். தேவை மிகுதியாக உள்ளவர்களுக்கு அது எட்டாத விலை. இந்த ஊசி நூறு சதவீதம் காக்காது என்பது உண்மை. வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுக்கு ஆண்டு அதன் திறன் மாறும், ஆண்டுதோறும் புதிதாகப் போட வேண்டும். ஆனால் அது நோயே வராமல் தடுக்கிறதா என்று மட்டும் கேட்பது குறைபட்ட கேள்வி. மாரடைப்பு போன்ற கடும் இதய நோயோடு மருத்துவமனைக்கு வந்த சுமார் 2,500 பேரிடம் எட்டு நாடுகளில் நடந்த சோதனை 2021-இல் வெளியானது; வங்கதேசமும் அந்த எட்டில் ஒன்று. ஃப்ளூ ஊசி போட்டவர்களில் 2.9 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் இறந்தார்கள். போலி ஊசி போட்டவர்களில் 4.9 சதவீதம். காய்ச்சலைத் தடுக்கும் ஊசி இதயநோயாளியின் உயிரைக் காக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? பிரேசில் 1999 முதல் தன் முதியவர்களுக்கு இதை ஆண்டுதோறும் இலவசமாகப் போட்டுவருகிறது. அது பணக்கார நாடு அல்ல. தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பிலேயே அறுபது வயதைக் கடந்தவர்கள் பத்து சதவீதத்துக்கு மேல். அத்தனை பேருக்கும் உடனே போடப் பணமில்லை என்று நிதித்துறை சொன்னால் அதை ஒப்புக்கொள்கிறேன். வீடு தேடிப் போகும் மருத்துவத்தின் பதிவேட்டில் சர்க்கரை நோயாளிகளின் பெயர்கள் முகவரியோடு இருக்கின்றன. அரசு மருத்துவமனைகளில் மாரடைப்புக்கும் டயாலிசிஸுக்கும் சிகிச்சை பெறுபவர்களின் பட்டியல் இருக்கிறது. யாருக்கு முதலில் என்பதற்குப் புதிய கணக்கெடுப்பே தேவையில்லை.

இத்தனை வேலையையும் யார் தலையில் கட்டுவது என்பதுதான் எனக்குள்ளும் உறுத்தும் கேள்வி. கிராம சுகாதார செவிலியர்களின் தோளில் ஏற்கெனவே பிரசவக் கணக்கு, தடுப்பூசிக் கணக்கு, இணையப் பதிவு என்று சுமை ஏறிக்கிடக்கிறது. தன்னார்வலர்கள் சொற்ப ஊக்கத்தொகையில் வெயிலிலும் மழையிலும் நடக்கிறார்கள். கூடுதல் கைகளும் கூடுதல் ஊதியமும் இல்லாமல் இன்னொரு மேசையைப் போடச் சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநீதி. அப்படிப் போட்ட மேசையில் அளவுகள் கண்ணால் பார்த்து எழுதப்படுமே தவிர, கருவியால் அளக்கப்படாது. எனவே முகாம்களின் எண்ணிக்கையைக் குறைத்தாவது ஒவ்வொன்றையும் முழுமையாக நடத்துவதே மேல். ஒரே நாளில் 1,000 இடம் என்ற எண் செய்திக்கு நன்றாக இருக்கும். 500 இடத்தில் இரண்டு மேசை என்பது மக்களுக்கு நன்றாக இருக்கும். ஊசிக்கோ காலக்கெடு இருக்கிறது. உடம்பில் எதிர்ப்பாற்றல் உருவாக இரண்டு வாரம் ஆகும்; அக்டோபரில் உச்சம் தொடங்குகிறது என்றால் செப்டம்பர் நடுவிலாவது ஊசி முதியவரின் கையில் இறங்கியிருக்க வேண்டும். மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் டெண்டர் கோரி, விலை பேசி, குளிர்பதனத்தோடு மாவட்டக் கிடங்குகளுக்கு அனுப்புவதற்கு மாதங்கள் ஆகும். மழை பிடித்த பிறகு சட்டமன்றத்தில் கேட்கப்படும் கேள்விகளால் இதில் பயனில்லை. அந்த டெண்டர் கோடையிலேயே வெளியாக வேண்டும்.