கடல்மீன் தொட்டிக்கு ஒரு கேபினெட் ஃபேன் போதும்!

கம்ப்யூட்டர் இதழில் மீன் தொட்டிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். பரணில் தூங்கும் பழைய சி.பி.யூ.வைக் கழற்றினால் அதில் இருக்கும் ஒரு பாகம் மீனின் உயிரைக் காப்பாற்றும் என்றால் இங்கே சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

என் வீடு நாமக்கல்லில். கடலுக்கும் எங்களுக்கும் வெகு தூரம். ஆனாலும் மகளின் ஆசைக்காக 100 லிட்டர் தொட்டியில் உப்புநீர் கலந்து, இரண்டு கோமாளி மீன்கள் வாங்கி விட்டேன். குழந்தைகள் "நீமோ" என்பார்களே, அதே மீன்தான். மார்ச் வரை பிரச்சினை இல்லை. மே மாதம் ஒரு இரவு, "அப்பா, நீமோ மேலயே வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது" என்று மகள் ஓடி வந்தாள். தெர்மாமீட்டரைப் பார்த்தேன். 33 டிகிரி.

பதறிப்போய் பிரிட்ஜிலிருந்த நான்கு பாட்டில் ஐஸை அப்படியே தொட்டிக்குள் மிதக்க விட்டேன். இரண்டு மணி நேரத்தில் 28 டிகிரிக்கு இறங்கிவிட்டது. வேலை முடிந்தது என்று தூங்கப் போனேன். காலையில் ஒரு மீன் செத்து மிதந்தது. சூட்டில் தளர்ந்திருந்த மீனுக்கு அந்தத் திடீர் குளிர்ச்சி இரண்டாவது அடி. அந்தத் தவறு என்னுடையது.

சில்லர் வாங்கத்தான் வேண்டுமா?

கடைக்காரரிடம் கேட்டேன். "சில்லர் இல்லாம இதெல்லாம் நிக்காது சார்" என்றார். விலை பல ஆயிரம். கரண்ட் பில் தனி. அது தண்ணீரிலிருந்து எடுக்கும் சூட்டை அதே அறைக்குள்தான் தள்ளும். பவளப்பாறை வளர்க்கும் பெரிய தொட்டிகளுக்கு அது தேவைப்படலாம். இரண்டு மீன் உள்ள வீட்டுத் தொட்டிக்கு அது தேவையில்லை என்பதே என் கருத்து.

வழி காட்டியது கோழிப் பண்ணை வைத்திருக்கும் நண்பர். "வெயில் காலத்தில் நாங்க கூரை மேல தண்ணி தெளிக்கிறோம், ஷெட்டுக்குள்ள ஃபேன் வைக்கிறோம். உங்களுக்குத் தண்ணி ஏற்கெனவே இருக்கு. ஃபேன் மட்டும்தானே பாக்கி?" என்றார்.

மண்பானை தண்ணீர் குளிரும் அதே கணக்குத்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் ஆவியானால், சராசரியாக 40 வாட் வெப்பம் வெளியேறுகிறது. ஃபேன் எடுத்துக்கொள்வதோ இரண்டு மூன்று வாட்தான்!

இதில் நம் ஊருக்கு ஒரு சாதகமும் உண்டு. கடற்கரை ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம், தண்ணீர் எளிதில் ஆவியாகாது. சேலம், நாமக்கல் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தொட்டாலும் கோடைக் காற்று வறண்டது. எனவே கடல் இருக்கும் சென்னையைவிட, கடல் இல்லாத இங்கேதான் ஃபேன் நன்றாக வேலை செய்யும்.

எப்படிப் பொருத்துவது?

120 மில்லிமீட்டர் கேபினெட் ஃபேன் ஒன்று போதும். புதிதாக வாங்கினாலும் சில நூறு ரூபாய்தான். 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஃபேனில் எழுதியிருக்கும் வோல்ட்டும் 12 தானா என்று பாருங்கள். தொட்டியின் கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, மீன் குதிக்காமலிருக்க நைலான் வலை கட்டுங்கள். காற்று தண்ணீர்ப் பரப்பின் மேல் சாய்வாக வழுக்கிக்கொண்டு போகும்படி ஃபேனை விளிம்பில் இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டுங்கள். இரும்பு கிளிப் வேண்டாம், உப்புக்காற்றில் துருப்பிடித்து உள்ளே விழும்.

பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறந்து அதிலிருந்து கரண்ட் எடுக்கிறேன் என்று புதியவர்கள் இறங்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம். அடாப்டர் ஒயர் பிளக் பாயிண்டுக்குக் கீழே தொங்கி மேலேறட்டும். ஒயர் வழியே வடியும் உப்புநீர் அப்போது தரையில் சொட்டும், பிளக்கிற்குள் போகாது. வீட்டு மெயினில் இ.எல்.சி.பி. இருப்பது அவசியம்.

கரண்ட் போனால்? யு.பி.எஸ்.களில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி போதும். ஃபேன் 0.2 ஆம்பியர் எடுத்தால், ஒரு முழு இரவு தாராளமாக ஓடும்.

ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். எனவே குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரைத் தினமும் ஊற்றுங்கள். மறந்தால், லிட்டருக்கு 35 கிராமாக இருக்கும் உப்பு ஐந்தே நாளில் 38 கிராமை நெருங்கிவிடும்.

கம்ப்யூட்டர் சொன்ன உண்மை

மீன் செத்த பிறகு நான் செய்த முதல் வேலை, எக்செலில் ஒரு அட்டவணை போட்டதுதான். காலை 6, மதியம் 2, இரவு 9 மணிக்கு டிகிரியை எழுதினேன். ஒரு வாரம் கழித்து சார்ட் போட்டுப் பார்த்தால் ஆச்சரியம்! உச்சம் மதியத்தில் இல்லை, இரவு 9 மணிக்கு இருந்தது. பகல் முழுதும் சூடேறிய தண்ணீருக்கு, மாலை 5 முதல் 9 வரை விளக்கைப் போட்டு நானே மேலும் சூடேற்றிக் கொண்டிருந்தேன். விளக்கை எல்.இ.டி.யாக்கி, நேரத்தை அதிகாலைக்கு மாற்றினேன். காசு செலவழித்து எதையும் வாங்கும் முன், ஒரு வாரம் அளந்து பாருங்கள். சூடாகிற கம்ப்யூட்டருக்கும் இதே அறிவுரைதான்.

விளக்கை மாற்றியதில் ஒன்றரை டிகிரி, ஃபேனில் மூன்று டிகிரி குறைந்தது. அடுத்த மே மாதத்தில் உச்சம் 28.5. மிஞ்சிய மீன் நன்றாக இருக்கிறது.

கடைசியாக ஒன்று. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் சூடேறியதாலேயே பவளங்கள் வெளுத்தன. அவ்வளவு பெரிய கடலுக்கே சூடு தாங்கவில்லை என்றால் 100 லிட்டர் எம்மாத்திரம்? பவளம், கடல்குதிரை இரண்டும் 2001-லேயே வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. யார் விற்றாலும் வாங்காதீர்கள். பண்ணையில் குஞ்சு பொரித்த கோமாளி மீனைக் கேட்டு வாங்குங்கள். தினமும் தண்ணீர் ஊற்றவும் டிகிரி பார்க்கவும் நேரமில்லை என்றால், கப்பி மீன் வளர்ப்பதே நல்லது.

ஃபேனை முதலில் பொருத்துங்கள். மீனைப் பிறகு வாங்குங்கள். நான் அதை மாற்றிச் செய்ததால்தான் ஒரு மீனை இழந்தேன்.