ஃபைனலுக்கு ஆரூடம் சொல்லும் மாப்ளைகளே!



நம்ம லேபில் ஒரு மைல்டு ஸ்டீல் ராடை யு.டி.எம்.மில் மாட்டினால், எந்த லோடில் அறும் என்று ஏறக்குறைய முன்கூட்டியே சொல்லிவிடலாம். நேற்றைய ராடு போலத்தான் இன்றைய ராடும். ஹாக்கி ஃபைனலுக்கும் இதே கணக்கைப் போடுகிறார்கள் நம்ம ஹாஸ்டல் ஜோசியர்கள். "லீக்குல அஞ்சு போட்டோம்ல, ஃபைனல்ல மூணாவது போட மாட்டோமா மச்சான்?"

2023 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் டிராஃபியை எடுத்துக்கொள்வோம். லீக்கில் மலேசியாவை இந்தியா 5-0 என்று நொறுக்கியது. ஆறே நாளில் ஃபைனல். எதிரில் அதே மலேசியா. இடைவேளையில் ஸ்கோர் என்ன தெரியுமா? மலேசியா 3, இந்தியா 1! அந்த நேரம் ஜோசியர்களை எழுப்பிக் கேட்டிருந்தால் பிளேட்டைத் திருப்பியிருப்பார்கள். மூன்றாவது குவார்ட்டர் முடியப்போகும் நேரத்தில் ஹர்மன்பிரீத் ஒரு பெனால்டி ஸ்ட்ரோக், அந்தச் சூடு ஆறுவதற்குள் குர்ஜந்த் ஒரு கோல். 56-வது நிமிடத்தில் ஆகாஷ்தீப் அடிக்க, 4-3. ஜெயித்தது இந்தியாதான். ஆனால் 5-0 கணக்கு எங்கே போச்சு?

1936 பெர்லினும் அப்படித்தான். பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 4-1 என்று உதை வாங்கிய நம்மவர்கள், ஒரு மாசத்துக்குள் ஒலிம்பிக் ஃபைனலில் அதே ஜெர்மனியை 8-1 என்று அடித்தார்கள்.

இதெல்லாம் சந்தோஷக் கதை. எனக்கு உறுத்துவது 1982 டெல்லி ஆசிய விளையாட்டு. ஃபைனல் வரை தோல்வியே காணாத இந்தியா, முதல் கோலையும் போட்டது. பிறகு பாகிஸ்தான் வரிசையாக ஏழு! 7-1. "தங்கம் நமக்குத்தான்" என்று நம்பி வந்தவர்களுக்குத் தங்கள் கணக்கு தப்பு என்று ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. கோல்கீப்பர் மீர் ரஞ்சன் நேகி விலை போய்விட்டார் என்று பேசினார்கள். முன்னால் நின்ற பத்துப் பேரைத் தாண்டித்தானே பந்து வந்தது? அதை யார் கேட்டார்கள்? 2002 மான்செஸ்டர் காமன்வெல்த்தில் நம் பெண்கள் அணி தங்கம் வாங்கியபோது கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் அதே நேகி. நடுவில் இருபது வருஷம் போய்விட்டதே அய்யா!

ஆரூடம் சொல்லவே கூடாதென்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் மெஸ்ஸில் சாம்பார் இறங்காது. ஆனால் லீக் ஸ்கோரைக் கட்டி அழாமல், பெனால்டி கார்னர் அடிக்க நம்பகமான ஆள் யார், கடைசிக் குவார்ட்டரில் ஓட யாரிடம் மூச்சு இருக்கு, கார்டு வாங்கி உட்காரும் கோபக்காரன் எவன் என்று பாருங்கள். அப்புறம் சொல்லுங்கள்.

போன வருஷம் இன்டர்-பாலி ஃபைனலில் நாம் தோற்றபோது, நம்ம கீப்பர் ரெண்டு நாள் மெஸ் பக்கமே வரவில்லை. "நாமதான் கப்பு" என்று போர்டில் சாக்பீஸால் எழுதியவர்களில் நானும் ஒருத்தன். இந்த வருஷமும் நாம் ஃபைனலுக்கு வந்தால் என் கணிப்பு 2-1, நமக்கே. தப்பினால் என்னைத் திட்டுங்கள், ரூம் கதவு திறந்தே இருக்கும்.

— இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவன்