வானத்து மாடியில் ஓட்டை!

பூமியைச் சுற்றியுள்ள காற்று மண்டலம் ஒரு மாடி வீடு போன்றது. மனிதர்கள் குடியிருப்பது கீழ் வீட்டில். மேகம், மழை, புயல் எல்லாம் இங்கேதான். நிலநடுக்கோட்டுப் பக்கம் இதன் உயரம் 16 கிலோ மீட்டருக்கும் மேல். துருவங்களில் 8 கிலோ மீட்டர்தான்.

அதற்கு மேலே, 50 கிலோ மீட்டர் வரை முதல் மாடி. பிறகு, 85 கிலோ மீட்டர் வரை இரண்டாவது மாடி. எரிகற்கள் பெரும்பாலும் அங்கே எரிந்து போகின்றன. அதற்கும் மேலே காற்று மிக மிகக் குறைவு.

முதல் மாடியில் ஒரு காவல்காரன் இருக்கிறான். அவன் பெயர் ஓசோன். அது ஒரு வாயு. வெயிலோடு வரும் புற ஊதாக் கதிர்களை அது தடுக்கிறது. தடுக்காவிட்டால், தோலில் புற்று நோய் பெருகும், கண்ணில் புரை விழும், பயிர் கெடும்.

இந்தக் காவல்காரன் மிகவும் மெலிந்தவன். வானத்து ஓசோன் முழுவதையும் தரையில் கொண்டு வந்து பரப்பினால், அதன் கனம் சுமார் 3 மில்லி மீட்டர்தான்!

குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட ஒரு வாயு ஓசோனை அழிக்கும் என்று, 1974-ல் மோலினா, ரோலண்டு என்ற விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். அந்த வாயுவைத் தயாரித்த கம்பெனிகள் அதை ஏற்கவில்லை. 1985-ல், தென்துருவத்துக்கு மேலே ஓசோன் வெகுவாகக் குறைந்து விட்டது என்று பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். உலகம் திடுக்கிட்டது.

1987-ல் கனடாவில் உள்ள மான்ட்ரியல் நகரில் நாடுகள் கூடின. அந்த வாயுவைக் குறைக்க உடன்பாடு செய்தன. பணக்கார நாடுகள் முதலில் குறைத்தன. ஏழை நாடுகளுக்குத் தவணை கிடைத்தது. பண உதவியும் கிடைத்தது. 1992-ல் இந்தியா சேர்ந்தது. பிறகு உலக நாடுகள் எல்லாமே சேர்ந்தன. இப்போது ஓட்டை மெல்ல ஆறி வருகிறது. 2066-ம் ஆண்டு வாக்கில் அது சரியாகிவிடும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு.

இன்று ஆபத்து கீழ் வீட்டுக்கே வந்திருக்கிறது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதால் கரியமில வாயு பெருகி, பூமி சூடேறுகிறது. 2015-ல் பாரிஸ் நகரில் உடன்பாடு செய்தார்கள். ஆனால், 2024-லும் அந்த வாயு கூடியதே தவிர, குறையவில்லை!

இது ஓசோனை விடப் பெரிய வேலைதான். அடுப்பு, ஆலை, வண்டி எல்லாம் மாறவேண்டும். ஆனாலும் வழி அதேதான். அதிகம் எரித்தவர்கள் முதலில் குறைக்கவேண்டும். இல்லாதவர்களுக்கு உதவவேண்டும். மாடியில் விழுந்த ஓட்டையை அடைக்க முடிந்த உலகத்துக்கு, குடியிருக்கும் வீட்டைக் காக்கவும் முடியும். காலம் தாழ்த்தக்கூடாது!