இரத்தம் சாட்சி சொல்லாது

போன தவணை ஒரு சனிக்கிழமை. என்ர அறைத்தோழி மூன்றாய் மடிச்ச ஒரு ரிப்போர்ட்டை எனக்கு முன்னால வைச்சுப்போட்டு ஒண்டும் கதைக்காமல் இருந்தாள். விரிச்சுப் பார்த்தன். "ஹேர்பீஸ் ஐ.ஜி.எம். – பொசிட்டிவ்."

அவளுக்குப் புண் இல்லை, கொப்புளம் இல்லை, எரிவு இல்லை. தலைமயிர் கொட்டுது எண்டு ஒரு தனியார் ஆய்வுகூடத்துக்குப் போனவள். தனித்தனியாய்ச் செய்யிறதை விட பெண்களுக்கான முழுப் பரிசோதனைப் பக்கேஜ் மலிவு எண்டு அங்க சொல்லியிருக்கினம். அந்த லிஸ்டில இதுவும் ஒண்டு. ரிப்போர்ட்டைக் குடுத்தவர் ஒரு விளக்கமும் சொல்லேல்லை. இவள் நேர்மையாய் இருக்கவேணும் எண்டு அதைப் படமெடுத்துக் காதலனுக்கு அனுப்பினாள். அவர் கூகிளில் தேடிப்போட்டு அனுப்பின பதில்: "ஐ.ஜி.எம். எண்டால் இப்ப புதுசாத் தொற்றினது. ஆர் அவன்?"

அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை. கோபத்தோடதான் எழுதுறன்.

கிருமி உடம்புக்குள் வந்த புதிதில் உருவாகும் எதிர்ப்புடல் ஐ.ஜி.எம்., பிறகு நீண்டகாலம் தங்குவது ஐ.ஜி.ஜி. என்று உயர்தரத்தில் உயிரியல் படிச்ச ஆரும் சொல்லுவினம். ஹேர்பீஸில் இந்தக் கணக்கு சறுக்கும். வருடக்கணக்காக உடம்பில் உறங்கும் வைரஸ் திரும்ப எழும்பும்போதும் ஐ.ஜி.எம். வரலாம். அந்த வைரஸில் இரண்டு வகை உண்டு. எது உள்ளே இருக்கிறது என்றும் இந்தப் பரிசோதனையால் பிரித்துச் சொல்ல ஏலாது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டி, இதைச் செய்யப் பரிந்துரைக்கவில்லை என்று நேரடியாகவே எழுதியிருக்கிறது. செய்யத் தேவையில்லாத ஒன்றைக் காசு வாங்கிச் செய்து, விளக்கமும் இல்லாமல் ஒரு இருபத்திரண்டு வயதுப் பெட்டையின் கையில் குடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

முதலாம் வகையைப் பற்றியும் சொல்லவேணும். காய்ச்சலுக்குப் பிறகு உதட்டோரம் வரும் சின்னக் கொப்புளங்களுக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு அது இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பலருக்கும் சின்னவயதில், வீட்டு ஆக்களின் எச்சிலில் இருந்து தொற்றுவது. அம்மம்மா கொஞ்சினதில் வந்திருக்கலாம். அது பாலுறவாலும் பிறப்புறுப்பில் தொற்றும், உண்மைதான். ஆனால் வைரஸ் உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது, எப்ப வந்தது, ஆரிட்ட இருந்து வந்தது என்று இரத்தம் சொல்லாது.

"அப்ப ஐ.ஜி.ஜி. செய்தால் சரிதானே?" என்று கேட்பீர்கள். அது இதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் கலைப்பீடத்துக்காரி நான் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுறன், சிரிக்காதேங்கோ. ஒரு நோய்க்குறியும் இல்லாத 1000 மாணவர்களை எடுங்கோ. அதில் 50 பேருக்கு இரண்டாம் வகை இருக்கிறது என்று வைப்போம். பரிசோதனை 100க்கு 95 தடவை சரியாகச் சொல்லும் என்றும் வைப்போம். தொற்றிய 50 பேரில் 47, 48 பேரைப் பிடிக்கும். தொற்றாத 950 பேரிலும் அதேயளவு பேருக்குப் பிழையாகப் பொசிட்டிவ் காட்டும். பொசிட்டிவ் ரிப்போர்ட்டோட அழுது கொண்டிருப்பவர்களில் பாதிப்பேருக்கு ஒண்டுமே இல்லை! எண்கள் என்ர உதாரணம், விஷயம் உண்மை. அமெரிக்காவின் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2016இலும் திரும்ப 2023இலும், நோய்க்குறி இல்லாதவர்களுக்கு இந்த இரத்தப் பரிசோதனையை வழமையாகச் செய்ய வேண்டாம் என்று சொன்னதற்கு இந்தப் பிழைப் பொசிட்டிவ்களும் ஒரு காரணம். சில பரிசோதனைகளில் சுட்டெண் 1.1ஐத் தாண்டினால் பொசிட்டிவ் என்று அடித்துத் தருவார்கள். ஆனால் 3க்குக் கீழே இருந்தால் வேறொரு முறையால் உறுதிப்படுத்த வேண்டும். எங்கட ரிப்போர்ட்டுகளில் அந்த எச்சரிக்கை எங்க?

என்ர பட்சில ஒரு பொடியன் இரண்டு மாதத்தில் மூன்று தரம் இரத்தம் குடுத்தவன். மூன்றும் நெகட்டிவ். அவனுக்கு நித்திரை வரேல்லை, ஏனெண்டால் எதிர்ப்புடல் தெரிய 12 கிழமை வரை எடுக்கலாம் என்று எங்கேயோ வாசிச்சிட்டான். பொசிட்டிவ் வந்தால் நம்புறம், நெகட்டிவ் வந்தால் நம்பமாட்டம். குற்றவுணர்ச்சியோட வாற ஆக்களுக்கு எத்தனை தரம் வேண்டுமானாலும் பரிசோதனை விற்கலாம். பாலுறவைப் பற்றி வீட்டிலும் வகுப்பிலும் வாய் திறக்காமல் வளர்த்த சமூகம்தான் ஆய்வுகூடத்துக்கு வாடிக்கையாளர் பிடித்துக் குடுக்கிறது.

இதை வாசிச்சிட்டு ஒரு பரிசோதனையும் வேண்டாம் என்று போயிடாதேங்கோ. எச்.ஐ.வி.யும் சிபிலிசும் வேற கதை. அவற்றுக்கான இரத்தப் பரிசோதனைகளை உறுதிப்படுத்த ஒழுங்கான வழிமுறை இருக்கிறது, முடிவு தெரிந்தால் சிகிச்சையும் இருக்கிறது. தாயிலிருந்து பிள்ளைக்கு இந்த இரண்டும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் இலங்கைக்கு உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது, கர்ப்பிணித் தாய்மாரின் இரத்தத்தை ஒழுங்காகப் பரிசோதித்தபடியால்தான். ஹேர்பீஸ் ஒண்டுமில்லை என்றும் நான் சொல்லவில்லை. பிரசவம் நெருங்கும் நேரத்தில் முதன்முறையாகத் தொற்றினால் குழந்தைக்கு ஆபத்து. புண்ணோ கொப்புளமோ வந்தால், காயமுதல் போய்க் காட்டுங்கோ; அதிலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுத்துப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. மருந்தும் இருக்கு. அரசாங்கப் பாலியல் நோய் கிளினிக்கில் காசு இல்லை, இரகசியம் காப்பார்கள், ஆருடைய கடிதமும் தேவையில்லை.

அங்கதான் அவளைக் கூட்டிக்கொண்டு போனன். டொக்டர் ரிப்போர்ட்டை ஒருக்கால் பார்த்தார். "புண் ஏதும் வந்ததா, பிள்ளை?" "இல்லை டொக்டர்." "அப்ப இதை ஆர் செய்யச் சொன்னது?" அவள் பக்கேஜ் கதையைச் சொன்னாள். அவர் ரிப்போர்ட்டைத் திருப்பி மேசையில வைச்சுப்போட்டு, இதை வைச்சு ஒரு முடிவுக்கும் வர ஏலாது என்று ஆறுதலாய் விளங்கப்படுத்தினார். எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டுக்கும் இரத்தம் எடுத்தார்கள். இரண்டும் இல்லை.

டொக்டர் சொன்னதை அவள் அந்தக் காதலனுக்குக் குரல்பதிவாய் அனுப்பினாள். நீலக் குறி விழுந்து நாலு மாதமாகுது. அந்தப் பக்கேஜ் விளம்பரம் இன்னும் எங்கட பஸ் தரிப்பிடத்துக்கு எதிரில தொங்குது, இப்ப மாணவர் அட்டைக்குக் கழிவும் உண்டாம்.