பகல்ல மட்டும் ஓடுற ஆறு

போன வருசம் எங்க தோட்டத்துக்குப் போற சின்னப் பாலத்தை உடைச்சுப் புதுசாக் கட்டினாங்க. நல்ல விசயம்தான், குறை சொல்லல. பழைய பாலத்துல கைப்பிடி இல்லாமப் போயி வருசக்கணக்காச்சு. மழை நாள்ல ஸ்கூல் பிள்ளைகளை ஒருத்தர் கையப் பிடிச்சுத்தான் கடத்தி விடணும்.

உரப்பையில மண்ணை நிரப்பி ஆத்தை மறிச்சாங்க. பெக்கோ எறங்குச்சு. அரை நாள்ல பாலத்துக்குக் கீழே ஆத்துப்படுக்கை காய்ஞ்சு போச்சு. அப்பதான் கல்லுக்கு அடியில இருந்து நண்டுகள் வெளியே வர ஆரம்பிச்சது. பத்து இருபது இல்ல. எண்ண முடியல. பாதி டயருக்கு அடியில போச்சு, மீதியைக் காக்கா பார்த்துக்கிச்சு. நான் ஒன்னைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தேன். வயித்து மடலுக்குள்ள கடுகைவிடக் கொஞ்சம் பெருசா, அச்சு அசலா நண்டு மாதிரியே குஞ்சுகள் அப்பிக்கிட்டு இருந்துச்சு.

"அண்ணே, ஒரு மணித்தியாலம் குடுங்க, வாளியில அள்ளி மேல விட்டுடுறோம்" என்று வேலையைப் பார்த்துக்கிட்டு இருந்தவர்கிட்ட கேட்டேன். அவர் கெட்டவர் இல்ல. சிரிச்சார். "தம்பி, மனுசனுக்கே இங்க பாக்க ஆள் இல்ல. நண்டுக்குப் பாக்கச் சொல்றீங்க."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வரிக்கான பதில்.

முதல்ல நண்டைப் பற்றி. இலங்கையில இருக்கிற நன்னீர் நண்டு இனங்கள் ஐம்பதுக்குக் கிட்ட. அதில் ஏறத்தாழ எல்லாமே இந்தத் தீவைத் தவிர உலகத்துல வேற எங்கேயும் கிடையாது. பெரும்பாலானவை அழியும் ஆபத்தில் இருக்கிறவை என்று செந்நிறப் பட்டியல் சொல்லுது. கடல் நண்டு முட்டையிலிருந்து வரும் புழுப்பருவம் தண்ணியில மிதந்து எங்கெங்கேயோ போகும். மலை ஆத்து நண்டுக்கு அந்தக் கதை இல்ல. முட்டைக்குள்ளேயே முழு நண்டாகித்தான் குஞ்சு வெளியே வரும். வந்த பிறகும் அம்மா வயித்துலயே கொஞ்ச நாள். அதனால அது பிறந்த ஓடையைவிட்டு அதிக தூரம் போறதில்ல. ஒரு மலைத்தொடருக்கு ஒரு இனம், சில சமயம் ஒரு சில ஓடைகளுக்கு மட்டும் ஒரு இனம் என்று ஆகிப்போனதுக்கு இதுதான் காரணம். ஒரு ஓடையைக் காயவைத்தால் "பக்கத்து ஆத்துலயும் இருக்கும்தானே" என்று சொல்லிட்டுப் போக முடியாது. இல்லாமலும் இருக்கலாம்.

இன்னொன்னு. இந்த நண்டுகள்ல பாதிக்கு மேல விஞ்ஞானப் பெயர் கிடைத்ததே 1990களின் நடுப்பகுதிக்குப் பிறகுதான். மலைநாட்டு நண்டுப் பேரினம் ஒன்றுக்குப் பெர்பிரிங்கியா என்று பெயர். 1962இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் இருந்து இங்கே வந்து உயிரினங்களைச் சேகரித்த பெர் பிரிங்க் என்பவரின் பெயர் அது. எங்க அம்மாயி தடிமல் பிடிச்சா ரசம் வைக்கிற நண்டுக்கு சுவீடன்காரர் பெயர்! இருக்கட்டும்.

இப்ப தலவாக்கலைக்கு வருவோம். மேல் கொத்மலை நீர்மின் திட்டம் நம்ம எல்லாருக்கும் தெரியும். 150 மெகாவாட். ஜப்பானியக் கடன். 2012இல் திறந்தாங்க. கொத்மலை ஓயாவைத் தலவாக்கலையில மறிச்சு, மலைக்குள்ள பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல சுரங்கம் வெட்டி, தண்ணியை நியங்கம்தொரவில இருக்கிற நிலக்கீழ் மின்நிலையத்துக்குக் கொண்டு போறாங்க. எங்க நானுஓயா தண்ணியும் அந்த ஆத்துக்குத்தான் போகுது. நான் பல்லு விளக்கித் துப்புற தண்ணியும் கடைசியில மின்சாரம்.

அந்தத் திட்டத்துக்கு எதிரா எத்தனை வருசம் போராட்டம் நடந்துச்சு! மலையகக் கட்சிகள் எதிர்த்தன, சுற்றாடல் அமைப்புகள் எதிர்த்தன. ஆரம்பத் திட்டத்தில இருந்த கிளையாறுகளைத் திருப்பும் வேலை கைவிடப்பட்டது. அது சின்ன வெற்றி இல்ல. கடைசி வரைக்கும் பெரிய வாக்குவாதம் சென்கிளேயர் நீர்வீழ்ச்சியைப் பற்றி. அதுக்கு வந்த தீர்வு என்ன தெரியுமா? நீர்வீழ்ச்சிக்குப் பகல்ல தண்ணி விடுவாங்க. நாளைக்கு ஏறத்தாழ பத்து மணித்தியாலம்.

பகல்ல. ஏன் பகல்ல? பகல்லதான் வேன்ல வர்றவங்க நிறுத்திப் படம் எடுப்பாங்க. ராத்திரி நீர்வீழ்ச்சியை யார் பார்க்கப் போறா?

நண்டு பார்க்கும். மலை ஆத்து நண்டுகள் பெரும்பாலும் ராத்திரிதான் வெளியே வந்து மேயும். பகல் முழுக்கக் கல்லுக்கடியில. நாம தண்ணி திறந்துவிடுறது அது ஒளிஞ்சிருக்கிற நேரத்துல. மூடுறது அது நடமாடுற நேரத்துல. ஆறு என்பது பார்க்கிறதுக்கான ஒரு காட்சி, கண்ணுக்கு நல்லா இருந்தாப் போதும் என்று முடிவு பண்ணிட்டா இப்படித்தான் ஆகும். ஆத்துக்குள்ள குடியிருக்கிறவங்களை யாரும் வாக்காளர் பட்டியல்ல சேர்க்கல. 1990களில் அந்தத் திட்டத்துக்கு மதிப்பீட்டு அறிக்கை எழுதினப்ப நம்ம நண்டுகள்ல பலதுக்குப் பெயரே இல்ல என்பதையும் சேர்த்து யோசிங்க. பெயர் இல்லாத ஒன்னு செத்ததை எந்தப் பத்தியில எழுதுறது?

"வெள்ளைக்கார நாட்டுல எல்லாம் பெருசாப் பேசுவாங்க, இங்க நடக்குமா" என்று கேட்பீங்க. அங்கே என்ன நடக்குது என்று ஒரு உதாரணம் சொல்றேன். பிரித்தானிய ஆறுகள்ல முத்துமட்டி என்று ஒன்னு இருக்கு. நன்னீர் மட்டி. நூறு வயசுக்கு மேல வாழும். அதன் குஞ்சு முதல்ல சல்மன் அல்லது டிரவுட் மீனோட செவுள்ல ஒட்டி மாசக்கணக்கா வளர்ந்து, பிறகுதான் ஆத்துப் படுக்கையில விழுந்து தனிக் குடித்தனம் போகும். மீன் மேல வர முடியாதபடி அணை கட்டினா, மட்டி செத்துப் போகாது. கிழடாகும். குஞ்சு இல்லாத ஊர் மாதிரி அப்படியே ஒரு எழுபது எண்பது வருசம் இருந்து முடிஞ்சு போகும். 1998இல் இருந்து அந்த மட்டியைக் கொல்றது, எடுக்கிறது, தொந்தரவு பண்றதுகூட அங்கே குற்றம். அமெரிக்காவுல பாதுகாக்கப்பட்ட மட்டி இருக்கிற ஆத்துல பாலம் கட்டணும்னா, முதல்ல சுழியோடிகள் இறங்கி ஆத்துத் தரையைக் கையால தடவித் தேடுவாங்க. கிடைக்கிறதை எண்ணி, அடையாளம் போட்டு, வேலை நடக்கிற இடத்துக்கு மேல கொண்டுபோய் நட்டுட்டு, பிறகு திரும்பி வந்து உயிரோட இருக்கான்னும் பார்ப்பாங்க. கையும் காலும் கண்ணும் இல்லாத, மண்ணுக்குள்ள பாதி புதைஞ்சு கிடக்கிற ஒரு சிப்பிக்கு!

இதுல எனக்கு எரிச்சல் தர்ற விசயம் ஒன்னு இருக்கு. அந்த முத்துமட்டியைச் சுமக்கிற அதே பழுப்பு டிரவுட் மீனை 1880களில் வெள்ளைக்காரங்க நுவரெலியாவுக்குக் கொண்டுவந்து நம்ம ஆறுகள்ல விட்டாங்க. தூண்டில் போட்டு விளையாட. 1873இல் கிரகரி வாவி, 1885இல் நானுஓயாவுக்கு ரயில், இடையில அவங்க பொழுதுபோக்குக்கு மீன். இங்கே ஏற்கனவே என்ன இருந்துச்சு என்று கேட்கல. மீன் வந்துச்சு, ஆத்துல இறங்குறதுக்கு முன்ன பார்க்கணும்ங்கிற பழக்கம் மட்டும் கப்பல் ஏறல.

மட்டி நம்ம நாட்டுலயும் இருக்கு. குளங்கள்லயும் தாழ்நில ஆறுகள்லயும் உள்ளங்கை அளவு மட்டி கிடக்கும். எங்க குளிர் ஓடையில நான் பார்த்ததில்ல. அதனால இங்கே மட்டியோட இடத்துல நண்டை வைக்கிறேன். கேள்வி ஒன்னுதான்: வேலை தொடங்கும் முன்ன யாராவது ஆத்துல இறங்கிப் பார்த்தாங்களா?

சட்டம் என்ன சொல்லுது? தேசிய சுற்றாடல் சட்டம் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கம். சுற்றாடல் தாக்க மதிப்பீடு 1988 திருத்தத்தோட வந்தது. அறிக்கையைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல 30 வேலை நாள். நீர்மின் நிலையம்னா 50 மெகாவாட்டுக்கு மேல இருந்தா கட்டாயம். நல்லது. ஆனா தோட்டத்துப் பாலம், கரைச்சுவர், ஆறு தூர்வாருறது, சின்ன மதகு இதெல்லாம் அந்த அளவுகோலுக்கு எட்டாத வேலைகள். ஒவ்வொன்னும் சின்னதுதான். ஒரு ஓடையில அப்படி நாலு வேலை நடந்தா, அந்த ஓடையில மட்டும் வாழ்ற ஒரு இனத்துக்கு அதுவே மேல் கொத்மலை.

இப்ப அந்த அண்ணன் சொன்னதுக்கு வர்றேன். மனுசனுக்கே ஆள் இல்ல. உண்மை. இருநூறு வருசம் தாண்டிடுச்சு, இன்னும் லயத்துலதான் இருக்கோம். இதை வச்சு நண்டைப் பேசுறவங்களைக் கேலி பண்றது சுலபம். கொழும்புல இருந்து வந்து "இயற்கை" என்று படம் எடுத்துட்டுப் போறவங்களை நானும் கேலி பண்ணியிருக்கேன். ஆனா அந்த வாதத்தைக் கொஞ்சம் உரசிப் பாருங்க. பாலம் கட்டின அந்த ரெண்டு வாரம் கீழ் லயத்துப் பீலியில என்ன தண்ணி வந்துச்சு? சேறு. சீமெந்து கழுவின தண்ணியை நேரா ஆத்துல ஊத்தினாங்க. அது மீன், நண்டு எல்லாத்தையும் பொசுக்கிற காரத்தண்ணி. அதுலதான் கீழே உடுப்புத் துவைச்சாங்க. நண்டுக்குப் பார்க்காததால மனுசனுக்குப் பார்த்தாங்கன்னு நினைச்சா, அதுவும் நடக்கல. ஆத்துக்கு மேல யாரு, கீழே யாரு என்று கேட்காம மறிக்கிறவங்க, லயத்துல யார் இருக்கா என்றும் கேட்க மாட்டாங்க. மேல் கொத்மலைக்காக வீடு மாறின நானூறுக்கும் அதிகமான குடும்பங்கள்கிட்ட கேட்டுப் பாருங்க, முதல்ல யார் வந்து என்ன கேட்டாங்கன்னு.

நாம மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்ல. மரக்கறித் தோட்டத்து மருந்துப் போத்தலை ஆத்துல கழுவுறது நம்ம ஆளுகதான். ஷொப்பிங் பேக்கும் நம்மளோடதுதான். அதைத் தனியாத் திட்டி எழுதணும், எழுதுவேன்.

நான் கேட்கிறது கோடிக்கணக்குல செலவு இல்ல. மழை குறைஞ்ச மாசத்துல வேலையை வைங்க. ஆத்தை முழுசா மறிக்காம ஒரு நேரத்துக்கு ஒரு பக்கத்தை மறிங்க, மறுபக்கம் தண்ணி ஓடட்டும். மறிக்கிறதுக்கு முந்தின ராத்திரி நாலு பேர் டோர்ச்சும் வாளியும் எடுத்துட்டு இறங்கினாப் போதும். நண்டு தானா வெளியே வரும், அள்ளி அதே ஓடையில மேல விடலாம். வேற ஓடையில இல்ல, அதே ஓடையில. சீமெந்துத் தண்ணியைக் குழி வெட்டி அதுல ஊத்தணும். ஒப்பந்தப் பத்திரத்துல இதுக்கு நாலு வரி போதும். சென்கிளேயருக்குப் பகல்ல விடுற தண்ணியில கொஞ்சத்தை ராத்திரிக்கும் பிரிச்சு விட முடியாதா என்று மின்நிலையத்தை நடத்துறவங்ககிட்ட யாராவது எழுத்துல கேட்கணும். தமிழ்ல கேட்கணும். பதிலும் தமிழ்ல வரணும்.

கீழ் டிவிசன்ல அடுத்த மதகுக்குக் கல்லும் மணலும் எறக்கிட்டாங்க. வேலை திங்கட்கிழமை தொடங்குதாம். ஞாயித்துக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு நாங்க அஞ்சு பேர் இறங்குறோம். வாளி மூணுதான் இருக்கு. அட்டைக்கு உப்பு நாங்க கொண்டு வர்றோம், டோர்ச் மட்டும் உங்களோடதைக் கொண்டாங்க.