பெயரை நீக்கும் முன்

அண்மை ஆண்டுகளில் கல்லூரிகள் இணையவழி மாதிரி நாடாளுமன்றங்களை நடத்துவதைக் காண்கிறோம். மயிலாப்பூர் மாணவி பிரதமராகவும், அடையாற்று மாணவர் எதிர்க்கட்சித் தலைவராகவும், தியாகராய நகர் மாணவர் அவைத்தலைவராகவும் தத்தம் இல்லங்களில் இருந்தவாறே அவை நடத்துகின்றனர். வரவேற்கத்தக்க முயற்சியே. ஆயினும், அத்தகைய அவையொன்றில் கண்ட நிகழ்ச்சி என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஆளுங்கட்சி மாணவர் ஒருவர் எதிரணிக்கு மாறினார். அவைத்தலைவர் விளக்கம் ஏதும் கேளாமல் அவரை அவையிலிருந்து நீக்கினார். திரையிலிருந்து அவர் முகம் மறைந்தது. மறுநாள் அம்மாணவர் நியாயம் கேட்டபோது, "இது விளையாட்டுத்தானே" என்ற விடையே கிடைத்தது. அவைக்கு விதிநூல் இல்லை. முறையிட இடமும் இல்லை. பார்வையாளனாய் அமர்ந்திருந்த நானும் வாய் திறக்கவில்லை.

மாதிரி அவைக்குச் சட்டத் தகுதி இல்லை. அதன் தீர்மானம் நாட்டில் எவரையும் கட்டுப்படுத்தாது. ஆனால், உரிமையைப் பயில வந்த இடத்தில் உரிமையிழப்பைப் பயிற்றுவது முறையாகுமா?

உறுப்பினர் யார் என்னும் வினா நமக்குப் புதிதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையின் தகுதிகளை விரித்துரைக்கின்றன. வரி செலுத்தும் நிலம், சொந்த மனை, கல்வி, வயது வரம்பு ஆகியவை வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் தகுதியிழப்பர். இன்றைய சமத்துவ நோக்கில் அவ்விதிகள் குறுகியவையே. எனினும், யாவரும் அறியக் கல்லில் பொறிக்கப்பட்டவை அவை. ஒருவர் விருப்பத்திற்கேற்ப ஒரே நாளில் மாறுபவை அல்ல.

நம் சட்டமன்றமும் இப்பாடத்தைக் கண்டது. 2017 செப்டம்பரில் 18 உறுப்பினர்களைப் பேரவைத் தலைவர் தகுதிநீக்கம் செய்தார். 2018 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பளித்தனர். அக்டோபரில் மூன்றாம் நீதிபதி தகுதிநீக்கத்தை உறுதி செய்தார். முடிவு எதுவாயினும், முறையிட ஓர் இடம் இருந்தது என்பதே கருதத்தக்கது. தலைவரின் முடிவு நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டதென உச்சநீதிமன்றம் 1992இலேயே கூறிவிட்டது. மாணவர் தேர்தல் பற்றி ஆராய்ந்த லிங்டோ குழுவும் 2006இல் வேட்பாளர் தகுதிகளை வகுத்ததோடு நில்லாமல், குறைதீர்க்கும் அமைப்பும் வேண்டும் என்றது.

சமுதாயப் பெரியோர்க்கும் இஃது அயலான செய்தியன்று. ஜமாஅத் தேர்தல்களில் சந்தா ஏட்டில் பெயர் உண்டா இல்லையா என்ற பூசல், உறவுகளையே முறித்துவிடுவதுண்டு. கலந்தாலோசனையைப் போற்றும் மார்க்கத்தில், ஒருவரைக் கேளாமலே அவர் பெயரை அடிப்பது எவ்வாறு பொருந்தும்?

எனவே மூன்று நெறிகளை வேண்டுகிறேன். அவை கூடுமுன் உறுப்பினர் தகுதிகள் எழுதிப் படிக்கப்பெறல் வேண்டும். நீக்குமுன் காரணம் கூறி, மறுமொழி கேட்டல் வேண்டும். மேல்முறையீட்டை எவ்வணியையும் சாராத ஆசிரியர் ஒருவரும் பிறதுறை மாணவர் ஒருவரும் கேட்டல் வேண்டும்.

மயிலையில் வாழ்ந்ததாக மரபு கூறும் வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் தனி அதிகாரமே வகுத்தார். இன்றைய மாதிரி அவையில் அமரும் மாணவச் செல்வங்களே நாளை உண்மை அவைகளிலும் அமர்வர். விளையாட்டில் பழகிய கை அங்கும் அவ்வாறே இயங்கும் என்பதை மறவாதிருப்போமாக!